ஃப்ரோசன் ஃபோர்: அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கி தேசியப் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரோசன் ஃபோர் என்பது முழுப் போட்டியின் பெயரா, கடைசிக் கட்டத்தின் பெயரா?

கடைசிக் கட்டத்தின் பெயர்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ, மார்ச் மாதக் கடைசியில் 16 அணிகளோடு முதல் பிரிவு ஆண்கள் தேசியப் போட்டியைத் தொடங்குகிறது. நான்கு ஊர்களில், ஊருக்கு நான்கு அணிகளாக வட்டாரச் சுற்று நடக்கும். நான்கு ஊர்களிலும் வெல்லும் அணிகள் ஏப்ரலில் ஒரே அரங்கில் கூடுகின்றன. வியாழக்கிழமை இரண்டு அரையிறுதிகள், சனிக்கிழமை இறுதி ஆட்டம். இந்த மூன்று ஆட்டங்களைத்தான் ஃப்ரோசன் ஃபோர் என்கிறார்கள். 1999 முதல் இந்தப் பெயர் அதிகாரபூர்வமானது. போட்டி அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது. பேச்சுவழக்கில் முழுப் போட்டியையும் இப்பெயரால் சொல்பவர்கள் உண்டு. டிக்கெட் வாங்கும்போது மட்டும் இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

எப்போது தொடங்கியது?

1948இல், கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்த பிராட்மூர் ஐஸ் பேலஸில். நான்கே அணிகள், இறுதியில் மிச்சிகன் 8-4 என்ற கணக்கில் டார்ட்மத்தை வென்றது. முதல் 10 ஆண்டுகள் போட்டி அதே அரங்கில்தான் நடந்தது. அணிகளின் எண்ணிக்கை 1981இல் 8, 1988இல் 12, 2003இல் 16 என்று வளர்ந்தது. 2020இல் மட்டும் கோவிட் காரணமாகப் போட்டி ரத்தானது.

அந்த 16 அணிகளை யார், எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

முதல் பிரிவில் ஆடும் 60க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆறு லீக்குகளில் இருக்கின்றன: ஹாக்கி ஈஸ்ட், ஈசிஏசி, பிக் டென், என்சிஹெச்சி, சிசிஹெச்ஏ, அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா. ஒவ்வொரு லீக்கும் மார்ச்சில் தன் சொந்தத் தொடரை நடத்துகிறது. அதில் கோப்பை வெல்லும் அணி, சீசன் முழுக்க எப்படி ஆடியிருந்தாலும், நேரடியாக உள்ளே வந்துவிடும். ஆறு இடங்கள் இப்படிப் போக, மீதிப் பத்து இடங்கள் கணக்கீட்டுத் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன.

கவனிக்க வேண்டியது, இங்கே குழுவின் விருப்பு வெறுப்புக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. கூடைப்பந்தில் தேர்வுக்குழு அறையில் விவாதம் நடக்கும். ஹாக்கியில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கணக்கே சொல்லிவிடும். அதனால்தான் ரசிகர்கள் அறிவிப்புக்கு முதல் நாள் இரவே பட்டியலைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். விளையாட்டுத் தேர்வுகளில் இவ்வளவு வெளிப்படையான முறை அபூர்வம். இதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பல ஆண்டுகள் பயன்பட்டது பேர்வைஸ் என்ற முறை. ஒவ்வோர் அணியையும் மற்ற ஒவ்வோர் அணியோடும் தனித்தனியாக ஒப்பிட்டு, அதிக ஒப்பீடுகளில் ஜெயிப்பவரை மேலே வைப்பார்கள். அதன் முதுகெலும்பு ஆர்பிஐ என்ற எண்: சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீதம், எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 21, எதிரணிகளின் எதிரணிகளுக்கு 54. 2025-26 சீசன் முதல் அதற்குப் பதில் என்பிஐ என்ற குறியீடு வந்திருக்கிறது. அடிப்படை எண்ணம் மாறவில்லை. யாரை வென்றீர்கள், எங்கே வென்றீர்கள் என்பதே முக்கியம். வெளியூர் வெற்றிக்கு 1.2 மடங்கு மதிப்பு, உள்ளூர் வெற்றிக்கு 0.8 மடங்கு. உள்ளூரில் தோற்றால் அந்தத் தோல்வி கனமாக விழும். சீசன் ஆட்டத்தில் மூன்றுக்கு மூன்று (கோல்கீப்பர் தவிர அணிக்கு மூன்று வீரர்கள்) கூடுதல் நேரத்தில் கிடைக்கும் வெற்றி முழு வெற்றியாக எண்ணப்படாது. பெனால்டி ஷூட்அவுட் வெற்றி லீக் புள்ளிகளுக்கு மட்டும்தான். தேசியக் கணக்கில் அந்த ஆட்டம் சமன்.

எங்கள் அணி தரவரிசையில் 15ஆம் இடம். ஏன் உள்ளே எடுக்கவில்லை?

ஆண்டுதோறும் மார்ச்சில் அதிகம் வரும் கேள்வி இது. 16 இடம் இருக்கிறது, நாம் 15, பிறகென்ன என்று தோன்றும். ஆனால் லீக் கோப்பை வென்று நேரடியாக வரும் அணிகளில் சில, தரவரிசையில் 16க்குக் கீழே இருக்கும். அட்லாண்டிக் ஹாக்கி சாம்பியன் பல ஆண்டுகளில் அப்படித்தான் வருகிறது. அந்த ஒரு அணிக்காக 16ஆம் இடம் போய்விடும். அதே வார இறுதியில் இன்னொரு லீக்கிலும் 25ஆம் இடத்து அணி ஒன்று கோப்பையைத் தட்டிவிட்டால் 15ஆம் இடமும் போய்விடும். மூன்றாவது லீக்கிலும் அப்படி நடந்தால் 14.

ஆகவே உங்கள் அணி 13 முதல் 16 வரையிலான இடத்தில் இருந்தால், லீக் இறுதி ஆட்டங்களில் யாரை ஆதரிக்க வேண்டும் என்பது எளிது: எல்லா லீக்குகளிலும் ஏற்கெனவே இடம் உறுதியான பெரிய அணியை. பரம எதிரியாக இருந்தாலும் அன்று அவர்கள்தான் உங்கள் நண்பர்கள்.

யார் யாரோடு மோதுவது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

16 அணிகளையும் நான்கு நான்காக நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படி அணி நான்காம் படி அணியோடும், இரண்டாம் படி மூன்றாம் படியோடும் மோதும். மொத்தத்தில் முதலிடம் பெற்ற அணி எந்த ஊரில் இருக்கிறதோ, அதற்கு எதிரே அரையிறுதியில் நான்காம் இட அணியின் ஊர் வரும்படி பார்ப்பார்கள்.

இந்தச் சுத்தமான வரிசையைக் கலைக்கும் விதிகள் இரண்டு. ஒரே லீக்கைச் சேர்ந்த அணிகள் முதல் சுற்றிலேயே மோதக் கூடாது என்பது ஒன்று. ஒரு லீக்கிலிருந்து ஐந்தோ அதற்கு மேலோ அணிகள் வந்துவிட்டால் இதைத் தளர்த்திக்கொள்ளலாம். வட்டாரச் சுற்றை ஏற்று நடத்தும் கல்லூரி தகுதி பெற்றால் அது அதே ஊரில்தான் ஆட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது விதிதான் அதிகச் சிக்கலைத் தருகிறது. நடத்தும் கல்லூரி நான்காம் படியில் இருந்தால், நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று அவர்களுடைய ரசிகர் கூட்டத்தின் நடுவே போய் ஆட வேண்டியிருக்கும்.

வட்டாரச் சுற்றில் இருக்கைகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன?

ஊர்களைப் பல ஆண்டுகள் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த அணி எங்கே போகும் என்பது ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில்தான் தெரியும். ஆட்டமோ நான்கைந்து நாளில். மாசசூசெட்ஸ் ரசிகர் ஒருவர் அந்த இடைவெளியில் நார்த் டகோட்டாவின் ஃபார்கோவுக்கு விமான டிக்கெட் எடுத்து, விடுமுறை கேட்டுக் கிளம்ப வேண்டும். 2025இல் ஃபார்கோ சுற்றை ஏற்று நடத்தியது நார்த் டகோட்டா பல்கலைக்கழகம். அந்த அணியே தகுதி பெறவில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1980களில் காலிறுதி, வலுவான அணியின் சொந்த அரங்கில் இரண்டு ஆட்டங்களாக நடக்கும். இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பார்கள். பிறகு பொது அரங்கம்தான் நியாயம் என்ற வாதம் வலுத்தது. மிச்சிகன் தன் யோஸ்ட் அரங்கில் 1998, 2002, 2003 ஆண்டுகளில் தன்னைவிட மேல்வரிசை அணிகளை வீழ்த்தியது அந்த வாதத்துக்கு எண்ணெய் ஊற்றியது.

எங்கள் நிலைப்பாடு தெளிவு: முதல் சுற்றையாவது மேல்வரிசை அணியின் வளாகத்துக்கே திருப்பித் தர வேண்டும். சீசன் முழுக்க உழைத்துப் பெற்ற இடத்துக்கு அதுவே சரியான பரிசு. கல்லூரி ஹாக்கியின் உயிர் மாணவர் பகுதியின் கூச்சலிலும் வாத்தியக் குழுவிலும் இருக்கிறது. யோஸ்ட்டில் நடந்தது அநீதியாகத் தெரிந்ததற்குக் காரணம் கீழ்வரிசை அணிக்குச் சொந்த அரங்கம் கிடைத்ததுதான். மேல்வரிசை அணிக்குக் கொடுத்தால் அந்தப் புகாருக்கு வேலையில்லை.

என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) பார்த்துப் பழகியவர்கள் எந்த விதிகளைக் கவனிக்க வேண்டும்?

ஆட்ட நேரம் ஒன்றுதான்: 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். வேறுபாடுகளில் முதலாவது முகக்கவசம். எல்லா வீரர்களும் முகம் முழுவதும் மூடும் கம்பிக்கூண்டோ கண்ணாடிக் கவசமோ அணிந்தே ஆக வேண்டும். இரண்டாவது, சண்டைக்கு இடமில்லை. கைகலப்பில் இறங்கினால் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய தொடரில் அந்தத் தடையின் விலை பெரியது. அதனால்தான் இங்கே சண்டைக்காகக் கையுறைகளைக் கழற்றி எறிவதைப் பார்ப்பது அபூர்வம்.

தலையில் மோதுவதையும் முதுகுப்புறமிருந்து இடிப்பதையும் நடுவர்கள் கடுமையாகப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிடத் தண்டனையும் வெளியேற்றமும் சேர்ந்து வரலாம். இரண்டு நிமிடத் தண்டனையில் வெளியே உட்காரும் ஆள், எதிரணி கோல் அடித்தவுடன் திரும்ப வருவார். ஐந்து நிமிடத் தண்டனையில் எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் ஓர் ஆள் குறைவுதான். காணொளி மறுபார்வைக்குப் பிறகு நடுவர் ஐந்து விரல்களைக் காட்டினால் ஆட்டத்தின் போக்கே மாறப்போகிறது என்று அர்த்தம்.

60 நிமிடத்தில் சமநிலை என்றால்?

சீசனில் உள்ள மூன்றுக்கு மூன்று ஆட்டமும் ஷூட்அவுட்டும் தேசியப் போட்டியில் கிடையாது. ஐந்துக்கு ஐந்து, 20 நிமிடப் பகுதி, முதல் கோல் அடித்தவர் வெற்றி. கோல் விழவில்லையா, இடைவேளை விட்டு, தளத்தைச் சீராக்கி, மீண்டும் 20 நிமிடம்.

2021 மார்ச்சில் ஃபார்கோவில் மினசோட்டா-டுலூத் அணி நார்த் டகோட்டாவை 3-2 என்று வென்றது ஐந்தாவது கூடுதல் பகுதியில். மொத்த ஆட்ட நேரம் 142 நிமிடம் 13 விநாடி. போட்டி வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அது. இறுதி ஆட்டங்களில் நீளமானது 1984இல் லேக் பிளாசிடில் நடந்தது: பௌலிங் கிரீன் நான்காவது கூடுதல் பகுதியில் 5-4 என்று மினசோட்டா-டுலூத்தை வென்றது.

மறுகோடி உதாரணமும் உண்டு. 2023 இறுதியில் குவினிபியாக் அணி மினசோட்டாவிடம் 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சமன் செய்தது. கூடுதல் நேரம் தொடங்கிய பத்தாவது விநாடியில் ஜேக்கப் குயில்லன் கோல்கீப்பரைத் தாண்டி பக்கை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) வலைக்குள் தள்ளினார். நடுவட்டத்தில் பக் விழுந்ததிலிருந்து வலைக்குள் போகும் வரை எல்லாம் முன்பே வரைந்து பயிற்சி செய்த நகர்வு. அந்தப் பத்து விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் தொடக்க வீச்சு என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று புரியும்.

கோலே விழக்கூடாத நேரத்தில் கோல்கீப்பரை ஏன் வெளியே எடுக்கிறார்கள்?

ஒரு கோல் பின்தங்கிய அணிக்கு இன்னொரு கோல் வாங்கித் தோற்றாலும் தோல்வி தோல்விதான். அதனால் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் கோல்கீப்பரை பெஞ்சுக்கு அழைத்து, ஆறாவது தாக்குதல் வீரரை இறக்குகிறார்கள். பெரும்பாலும் பலிக்காது, நீளமாக அடிக்கப்பட்ட பக் காலி வலைக்குள் உருண்டுபோகும். பலித்தால் 2009 இறுதி மாதிரி ஆகும். வாஷிங்டனில் மயாமி பல்கலைக்கழகம் 3-1 என்று முன்னிலையில் இருந்தது, கடைசி நிமிடம். பாஸ்டன் பல்கலைக்கழகம் கோல்கீப்பரை எடுத்துவிட்டு அந்த ஒரே நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தது. சமன் செய்த கோல் விழுந்தபோது மீதமிருந்தது 17.4 விநாடி. கூடுதல் நேரத்தில் 4-3 என்று கோப்பையும் அவர்களுக்கே.

பெரிய அணிகள் ஏன் இவ்வளவு அடிக்கடி கவிழ்கின்றன?

ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. காரணம் அதுதான். என்ஹெச்எல்லில் ஏழு ஆட்டத் தொடரில் திறமை மேலே வர அவகாசம் உண்டு. இங்கே எதிரணிக் கோல்கீப்பர் ஒருவருக்கு நல்ல நாளாக அமைந்தால் போதும். 2015 இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராகப் பிராவிடன்ஸ் கோல்கீப்பர் ஜான் கில்லிஸ் 49 அடிகளைத் தடுத்தார். மறுமுனையில், தூரத்திலிருந்து உயரத் தூக்கிப் போட்ட ஒரு பக்கை பாஸ்டன் கோல்கீப்பர் கையுறையில் பிடித்தார். அது நழுவி, காலருகே விழுந்து, கோட்டைத் தாண்டியது. 3-3. சற்று நேரத்தில் பிராவிடன்ஸ் 4-3 என்று தன் முதல் பட்டத்தை வென்றது.

2006இல் நான்காம் படி ஹோலி கிராஸ், முதல் படி மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வீழ்த்தியது. 2009இல் கடைசி இடத்தில் உள்ளே வந்த பெமிட்ஜி ஸ்டேட், நோத்ருதாம், கார்னெல் இரண்டையும் வென்று ஃப்ரோசன் ஃபோர் வரை போனது. இதையெல்லாம் வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. சிறிய கல்லூரிகளில் 23, 24 வயதுவரை ஒன்றாக ஆடிய வீரர்கள் இருப்பார்கள். பெரிய கல்லூரியின் நட்சத்திரங்களுக்கு 18, 19. தளத்தின் ஓரப் பலகையருகே பக்குக்காக இடித்துத் தள்ளும் போட்டியில் அந்த நான்கைந்து வயது தெளிவாகத் தெரியும்.

ஏப்ரல் மாத அரங்கில் பனித்தளம் தாக்குப்பிடிக்குமா?

பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். தடிமன் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம்தான். அடியில் கான்கிரீட்டுக்குள் குளிர்திரவக் குழாய்கள் ஓடுகின்றன. மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே நான்கைந்து டிகிரி செல்சியஸ். பெரிய அரங்குகளில் இதே வாரத்தில் கச்சேரியோ கூடைப்பந்தோ நடந்திருக்கலாம். வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம், ஆயிரக்கணக்கானோரின் மூச்சுக்காற்று ஈரம், வெளிக்கதவுகள் வழியாக வரும் வெப்பம். இரண்டாம் அரையிறுதியின் மூன்றாம் பகுதியில் தளம் மென்மையாகி, பக் உருளவும் துள்ளவும் தொடங்கும். பக்கை ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பதே இந்தத் துள்ளலைக் குறைக்கத்தான்.

அந்த நேரத்தில் அழகான குறுக்குப் பாஸ்களை நம்பும் அணி தடுமாறும். பக்கை எதிரணி மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தும் அணிக்கு வசதி. இடைவேளையில் தளம் சீராக்கும் வண்டி வெந்நீர் ஊற்றிப் போவதைப் பார்த்திருப்பீர்கள்: வெந்நீர் கீறல்களின் விளிம்பை உருக்கி ஒட்டிக்கொள்ளும், அதில் காற்றுக் குமிழி குறைவு, உறைந்தால் கெட்டியான தளம். ஒவ்வொரு பகுதியின் முதல் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் வேகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கனடிய ஜூனியர் வீரர்கள் இப்போது ஆடலாம் என்கிறார்களே?

ஆம், 2025 ஆகஸ்ட் 1 முதல். ஒண்டாரியோ, மேற்கு, கியூபெக் ஆகிய மூன்று ஜூனியர் லீக்குகளும் சேர்ந்த சிஹெச்எல்லில் ஓர் ஆட்டம் ஆடினாலும் முன்பு கல்லூரிக் கதவு மூடிவிடும். அதை என்சிஏஏ தொழில்முறை ஆட்டமாகக் கருதியது. 16 வயதுப் பையன் எந்தப் பாதை என்று திரும்ப முடியாத முடிவெடுக்க வேண்டியிருந்தது. டொரன்டோவில் பிள்ளைகளை ஹாக்கிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய மாற்றம் இது: இரண்டு பாதைகளும் இப்போது திறந்தே இருக்கின்றன. கேவின் மெக்கென்னா மேற்கு லீக்கிலிருந்து பென் ஸ்டேட்டுக்குப் போனது இந்த மாற்றத்துக்குப் பிறகுதான்.

விளையாட்டு உதவித்தொகை தராத கல்லூரி கோப்பை வெல்ல முடியுமா?

வென்றிருக்கிறது. ஐவி லீக் கல்லூரியான யேல் 2013இல் குவினிபியாக்கை 4-0 என்று வென்றது. மறு ஆண்டே, நியூயார்க் மாநிலத்தின் சிறிய யூனியன் கல்லூரி இறுதியில் மினசோட்டாவை 7-4 என்று வீழ்த்தியது. அப்போது இரண்டுமே விளையாட்டுக்கென உதவித்தொகை தராதவை.

ஹோபி பேக்கர் விருது இந்தப் போட்டியின் சிறந்த வீரருக்கா?

இல்லை. அது முழு சீசனுக்குமானது. 1981இல் நீல் பிராட்டன் முதலில் பெற்றார். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இடைப்பட்ட வெள்ளிக்கிழமை அறிவிக்கிறார்கள். ஃப்ரோசன் ஃபோரின் சிறந்த வீரருக்கு வேறு விருது உண்டு. 2025இல் வெஸ்டர்ன் மிச்சிகன் முதன்முறையாக ஃப்ரோசன் ஃபோருக்கு வந்து, டென்வரை இரண்டாவது கூடுதல் பகுதியிலும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்றும் வென்றபோது அது ஓவன் மைக்கேல்ஸுக்குக் கிடைத்தது.

அதிகப் பட்டங்கள் யாரிடம்?

டென்வர். 2024இல் பாஸ்டன் கல்லூரியை 2-0 என்று வென்று பத்தாவது பட்டம் பெற்றது. பத்தைத் தொட்ட முதல் அணி. மிச்சிகனின் ஒன்பதாவது பட்டம் 1998இலும், நார்த் டகோட்டாவின் எட்டாவது 2016இலும் வந்தவை. ஒரு தோல்விகூட, ஒரு சமன்கூட இல்லாமல் கோப்பை வென்ற ஒரே அணி 1970இன் கார்னெல்: 29 ஆட்டம், 29 வெற்றி.

டிக்கெட் எப்படி வாங்குவது?

ஃப்ரோசன் ஃபோருக்கு மூன்று ஆட்டங்களும் சேர்ந்த டிக்கெட்தான் முதலில் விற்பனைக்கு வரும். எந்த அணி வரும் என்று தெரியாமலே பலர் மாதக்கணக்கில் முன்பே வாங்கிவிடுகிறார்கள். 2027இல் வாஷிங்டன், 2028இல் செயின்ட் பால் என்று இடங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. இறுதி ஆட்டம் மட்டும் போதும் என்றால் வியாழக்கிழமை இரவு வரை பொறுத்திருங்கள். தோற்ற இரண்டு அணிகளின் ரசிகர்கள் சனிக்கிழமை டிக்கெட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பப் பார்ப்பார்கள். மறுவிற்பனைத் தளங்களில் விலை அப்போதுதான் இறங்கும். உள்ளூர் அணியோ பக்கத்து மாநில அணியோ இறுதிக்கு வந்துவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது.

வட்டாரச் சுற்றுக்கு அவ்வளவு யோசனை வேண்டாம், கடைசி நேரத்திலும் கிடைக்கும். சிறிய அரங்குகளில் குளிர் அதிகம். உட்காரும் பலகையே சில்லென்றிருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். இருக்கையை கோல் மூலையின் மேல்வரிசையில் எடுங்கள். கண்ணாடிக்கு ஒட்டிய முதல் வரிசையில் மோதல் அருகில் தெரியும், ஆனால் தூரத்துக் கோல் தெரியாது.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூரில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

ஏப்ரலில் அமெரிக்கக் கிழக்கு நேரத்தோடு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். பன்னிரண்டைக் கூட்டினால் சிங்கப்பூர், மலேசிய நேரம். அரையிறுதிகள் பெரும்பாலும் கிழக்கு நேரம் வியாழன் மாலை 5க்கும் இரவு 8:30க்கும் தொடங்குகின்றன. சென்னையில் அது வெள்ளி அதிகாலை 2:30, காலை 6. இறுதி ஆட்டம் கிழக்கு நேரம் சனி மாலை 7:30 என்றால் நமக்கு ஞாயிறு காலை 5 மணி. இரண்டாம் அரையிறுதி, முதல் ஆட்டம் முடிந்து தளம் சீராக்கிய பிறகே தொடங்கும். முதல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் அறிவித்த நேரத்தை நம்பி அலாரம் வைக்காமல், நேரலை ஸ்கோரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.